கமிட்டி இருக்கு, உட்கார இடம் இல்லை

நம்ம பக்கத்துக் காலேஜ்களில் கமிட்டிக்குப் பஞ்சமே கிடையாது. ராகிங் தடுப்புக் கமிட்டி, பெண்களுக்கான உள் புகார்க் கமிட்டி, எஸ்.சி. எஸ்.டி. செல், சிறுபான்மையினர் செல், குறைதீர் கமிட்டி, சம வாய்ப்பு மையம் என்று பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி டவுனிலோ எந்தக் காலேஜ் வெப்சைட்டைத் திறந்தாலும் ஒரு நீளப் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்வீனர், நாலைந்து உறுப்பினர், கையெழுத்துப் போட்ட மினிட்ஸ், காலேஜுக்குத் தர மதிப்பீடு போடுகிற நாக் குழு வரும்போது காட்ட ஜியோடேக் போட்டோ. நானும் அதில் சிலவற்றில் உறுப்பினர்தான். காமர்ஸ் டிபார்ட்மெண்டில் வேலை. காலேஜ் பெயர் இங்கே வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போய் கைரேகை வைக்கணும்.

இத்தனை இருந்தும், மத்தியானம் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் மாடிப்படிக்குக் கீழே நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிற பிள்ளையை எந்தக் கமிட்டியும் பார்ப்பதில்லை. புகார் எழுதிக் கொடுத்தால்தான் கமிட்டிக்கு உயிர் வரும். அந்தப் பிள்ளை என்னவென்று எழுதும்? யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். "என்னை யாரும் கூப்பிடவில்லை" என்று ஒரு மனு எழுதிப் பிரின்சிபால் டேபிளில் வைக்க முடியுமா? இன்னொரு கமிட்டி போட்டு இதைச் சரி செய்ய முடியாது. ஒரு அறை வேண்டும், அது நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

இந்த நினைப்பு என் அக்கா மகள் வழியாக வந்தது. அம்பாசமுத்திரத்தில் வளர்ந்த பிள்ளை, இங்கேயே இன்ஜினியரிங் முடித்துவிட்டு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு மேல்படிப்புக்குப் போனாள். போன புதிதில் போன் பண்ணினால் பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள், சனி ஞாயிறை எப்படித் தள்ளுவது என்றுதான் அழுவாள். கொஞ்ச நாளில் குரல் மாறிவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டால், யுனிவர்சிட்டியில் மல்டிகல்ச்சுரல் என்கேஜ்மெண்ட் சென்டர் என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். கறுப்பின மாணவர்கள், லத்தீன் அமெரிக்க வழியில் வந்தவர்கள், பூர்வகுடிகள், ஆசியாக்காரர்கள், அதற்குள் நம்ம தேசி ஆட்கள் என்று எல்லாருடைய குழுக்களும் கூடுவதற்கு யுனிவர்சிட்டியே கொடுத்திருந்த இடம். அதே வளாகத்தில் ஜெண்டர் அண்ட் செக்ஸுவாலிட்டி சென்டர் என்று இன்னொன்றும் இருந்தது. அது பெண்களுக்கும், திருநர் மாணவர்களுக்கும், தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும்.

"சித்தி, உள்ள போனா எதுக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சோபா கெடக்கும், நம்ம பாட்டுக்குப் படிச்சிட்டு வரலாம். ஏதாவது கேக்கணும்னு தோணுச்சுன்னா கேக்கதுக்கு ஆளும் இருக்கும்" என்றாள். ஆள் இருக்கும் என்று அவள் அழுத்திச் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது.

அப்புறம் அதை மூடிவிட்டார்கள். 2023-ல் டெக்ஸாஸ் சட்டமன்றம் எஸ்.பி. 17 என்று ஒரு சட்டம் போட்டது. பன்மைத்துவம், சமத்துவம் என்ற பெயரில் இயங்கும் அலுவலகங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களில் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2024 ஜனவரி 1 முதல் அமல். மல்டிகல்ச்சுரல் சென்டர் அத்தோடு போனது. மற்றதைப் பெண்கள் சமூக மையம் என்று பெயர் மாற்றி நடத்திப் பார்த்தார்கள், அதே வருஷத்தில் அதுவும் போனது. யூட்டா மாநிலத்திலும் 2024-ல் இதே மாதிரி ஒரு சட்டம் வந்து, யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த எல்ஜிபிடி வள மையமும் பெண்கள் வள மையமும் மூடப்பட்டன. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி என்றால் நமக்கு எதற்கு இந்த வம்பு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஒன்றுக்கும் உதவாத அறையை மூட யாராவது சட்டமன்றம் கூட்டுவார்களா?

அந்த மையங்கள் அங்கேயும் யாரும் மனமிரங்கிக் கொடுத்தவை கிடையாது. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் காலேஜில் கறுப்பின மாணவர்களும் மற்ற சிறுபான்மை மாணவர்களும் சேர்ந்து ஸ்டிரைக் தொடங்கினார்கள், அடுத்த மார்ச் வரைக்கும் விடவில்லை. அதன் பலனாகத்தான் அங்கே சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் படிப்பதற்கென்றே ஒரு தனிக் கல்லூரி வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களின் பண்பாட்டு மையம் 1969-ல் ஆரம்பித்தது. 1971-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹியூமன் செக்ஸுவாலிட்டி ஆபீஸ் என்று ஒன்றைத் திறந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வகையில் அதுதான் முதல். இன்றைக்கு அதன் பெயர் ஸ்பெக்ட்ரம் சென்டர். திறந்தபோது ஜிம் டாய், சிந்தியா கேர் என்று இரண்டே பேர், அதுவும் பகுதி நேர வேலை. பெரிய கட்டடம், பெரிய பட்ஜெட் என்று கற்பனை செய்துகொண்டு "நம்மால் ஆகாது" என்று ஒதுங்குகிறவர்கள் இந்த இரண்டு பகுதி நேர ஆட்களை நினைத்துக்கொள்ளலாம்.

அதே மிச்சிகனில் 1995-ல் ரோனி சான்லோ என்பவர் லாவண்டர் கிராஜுவேஷன் என்று ஒரு சின்னப் பட்டமளிப்பு விழாவைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பு உள்ள பெண் என்பதற்காக, பெற்ற பிள்ளைகளின் பட்டமளிப்புக்கே வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட தாய் அவர். வீட்டில் இருந்து யாரும் வராத மாணவர்களுக்கும் கைதட்ட நாலு பேர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. இப்போது இது அமெரிக்காவில் எத்தனையோ கல்லூரிகளில் நடக்கிறது.

"சரி மேடம், சோபாவுல உக்காந்தா மார்க் வந்துருமா?" என்று எங்கள் டிபார்ட்மெண்டில் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களிடம் சீனியர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள்: "வந்த புதிதில் இது நமக்கான இடமே இல்லை என்று எல்லாருக்கும்தான் தோன்றும், போகப் போகச் சரியாகிவிடும்" என்பதுதான் அதில் உள்ள சேதி. பிறகு அதையொட்டித் தங்கள் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்களில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறியது, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. வெள்ளை மாணவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அந்தச் சந்தேகம் முதலிலேயே பெரிதாகக் கிடையாது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிற பிள்ளை ஒரு டெஸ்டில் மார்க் குறைந்தால், "பார்த்தியா, நான் இங்க வந்திருக்கவே கூடாது" என்று முடிவு கட்டிவிடும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று தெரிந்த பிள்ளை அடுத்த டெஸ்டுக்குப் படிக்கும். முதல் செமஸ்டரிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிற எனக்கு இது புரிந்துகொள்ள முடியாத விஷயம் இல்லை.

இனி நம்ம கதைக்கு வருவோம்.

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டுதலுக்குக் குறைச்சல் கிடையாது, சொல்லப்போனால் அது கொஞ்சம் அதிகம். காலேஜில் சேர்ந்த முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பையன் கேட்பான், "எந்த ஊருல?" சொன்னால், "ஊர்ல எங்கன?" அதையும் சொன்னால் "உங்க கோயில் எது?" அப்புறம் அப்பா பெயர். நாலாவது கேள்விக்குள் ஜாதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எல்லாம் தானாக நடக்கும். எந்த பெஞ்சு, பஸ்ஸில் யார் இடம் பிடித்து வைப்பார்கள், எந்த வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பார்கள், கையில் என்ன கலர் கயிறு என்பது வரைக்கும். நம்ம ஆள் என்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க நடுராத்திரி பைக் எடுத்துக்கொண்டு வருவார்கள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த அன்புக்கு வாசல் ஒன்றுதான், அந்த வாசலில் ஒரு கேள்வி இருக்கிறது.

அதன் கடைசி எல்லை என்னவென்று 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பிளஸ் டூ படிக்கிற பட்டியல் சாதிப் பையனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இதையெல்லாம் தடை செய்யச் சொன்ன பரிந்துரையைப் பற்றித்தான் டிவியில் சண்டை போட்டார்கள். அதே அறிக்கையில் 500 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நல அலுவலர் வேண்டும் என்று இருந்ததை யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிந்தது. கயிற்றை அறுத்துவிடலாம். அறுத்த கையோடு அந்தப் பையன் போய்ப் பேச யார் இருக்கிறார்கள்?

அந்த நாலு கேள்விக்குப் பதிலே இல்லாத பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே மலையில் காணிப் பழங்குடிகளின் குடியிருப்பிலிருந்து வருகிற பெண்ணுக்குக் கீழே வந்தால் பேச்சு வழக்கே வேறாக இருக்கிறது. நினைத்த நேரத்துக்கு வீட்டுக்கும் போக முடியாது, புலிகள் காப்பகத்துக்குள் வீடு, செக்போஸ்ட் மூடிவிடும், சனிக்கிழமை ஹாஸ்டலே காலியாகும்போது அவள் மட்டும் இருப்பாள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் "சொந்த ஊர்" என்று விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்று யோசிக்கிறார்கள், தலைமுறைகளாக எஸ்டேட் லைன் வீட்டில் இருந்துவிட்டு 2024-ல் கம்பெனி கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னபோது அவர்களுக்குக் கீழே ஒரு வீடும் இல்லை. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, நல்ல காரியம். ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளை வகுப்பில் எல்லாரும் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் பற்றிப் பேசும்போது, தான் இந்தியக் குடிமகன் இல்லை என்பதால் அந்தப் பரீட்சையே எழுத முடியாது என்பதை யாரிடமும் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டு இருக்கும். மெடிக்கல் காலேஜில் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம், அதில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வண்ணார்பேட்டையில் டீக்கடையில் நின்றால் "நீங்க நேபாளமா?" என்று கேட்பதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் ஐந்தரை வருஷம் தினமும் அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் யாரும் பேசாத பிள்ளைகள்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். நடை கொஞ்சம் நளினம், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். காரிடாரில் போனால் "ஏலே, ஒம்போது" என்று பின்னாலிருந்து குரல் வரும், திரும்பிப் பார்த்தால் யார் என்று தெரியாது. அவன் காலையில் வீட்டில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிப் போகிற வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே. ஆண்கள் பாத்ரூமில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். சித்திரை வெயில் பாளையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். இவன் அடிக்கடி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பான், "மேடம், காஸ்ட் அக்கவுண்டிங்ல ஒரு டவுட்டு." நல்லாப் படிக்கிற பையன், டவுட் ஒன்றும் இருக்காது. நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, நான் போட்ட கணக்கைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போவான். அவனுக்கு அந்தப் பத்து நிமிஷமும் அந்த நாற்காலியும் மின்விசிறியும்தான் தேவைப்பட்டன, ஆனால் அதற்கு ஒரு கணக்கைக் காரணமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. எனக்கும் அடுத்த பீரியட் இருக்கும், மற்ற ஸ்டாஃப் எல்லாரும் சுற்றி இருப்பார்கள், அங்கே வைத்து என்ன பேச முடியும்?

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் மேடம், நம்ம ஊர்ல கிடையாது" என்பார்கள். நம்ம ஊரிலா? ஆடியிலும் பங்குனியிலும் கொடை நடக்கிற சுடலைமாடன் கோயிலில் போய்ப் பாருங்கள். கணியான் கூத்தில் மகுடம் அடிக்க, புடவை கட்டி, முடி வைத்து, சலங்கை கட்டி ஆடுகிற இரண்டு பேரும் ஆண்கள்தான். ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும், பெரியவர்கள் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அதே ஊர்ப் பையன் திங்கட்கிழமை காலேஜுக்கு வந்து ஒருத்தன் நடையைப் பார்த்து விசில் அடிப்பான். கூத்தாடுகிறவர்களும் திருநர்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அது அவர்கள் கலை, அவர்கள் தொழில். ஆண் என்றால் இப்படித்தான் நடக்கணும் என்ற கட்டாயம் நம்ம மண்ணில் முளைத்தது போலப் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சட்டத்தைக் கேட்டால் நம்ம பக்கம் கையில் நிறையவே இருக்கிறது. 2014-ல் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற நால்சா தீர்ப்பு, 2018 செப்டம்பரில் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377-வது பிரிவைக் குறைத்த தீர்ப்பு, 2019-ல் திருநர் உரிமைச் சட்டம் எல்லாம் டெல்லி சமாச்சாரம். பக்கத்தில் தூத்துக்குடியிலேயே 2018-ல் சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு திருநங்கைக்கும் ஒரு ஆணுக்கும் கல்யாணம் நடந்து, பதிவு செய்ய மறுத்ததால் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் "மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம்" என்று தீர்ப்பு எழுதினார். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்த உத்தரவில் கல்வி நிலையங்களுக்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்: பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, விண்ணப்பத்தில் திருநர் என்று ஒரு கட்டம், இவர்களைப் புரிந்துகொள்கிற கவுன்சிலர். யுஜிசி 2016-லேயே ராகிங் விதியைத் திருத்தி, பாலினத்தையும் பாலீர்ப்பையும் வைத்துக் கேலி செய்வதும் ராகிங்தான் என்று சேர்த்துவிட்டது. அந்த "ஒம்போது" குரலுக்கும் அது பொருந்தும். நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2017-ல் திருநர்களுக்கு இலவசப் படிப்பு என்று அறிவித்தது, அது பெருமைதான்.

ஃபீஸ் இல்லை, சீட் இருக்கிறது, ஃபாரத்தில் கட்டமும் இருக்கிறது. உள்ளே வந்த பிறகு முதல் வாரம் மத்தியானம் எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது சத்தமே இல்லாமல் நடக்கும். இரண்டு தோழிகள் கொஞ்சம் நெருக்கம் என்று தெரிந்தால், ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குத் தகவல் போகும், அடுத்த வாரம் பெண் வகுப்பில் இருக்காது, அடுத்த மாசம் கல்யாணப் பத்திரிகை வரும். நடுவில் ஒரு டாக்டரிடமோ ஒரு சாமியாரிடமோ "மாற்ற" அழைத்துப் போயிருப்பார்கள். இதை மாற்றுகிறேன் என்று ஒரு மருத்துவர் வைத்தியம் பார்த்தால் அது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. பெற்றோர்களுக்கு இதைச் சொல்லவாவது காலேஜில் ஒரு ஆள் வேண்டாமா? வார்டன் சொல்ல மாட்டார், அவர் பயம் அவருக்கு.

இப்போது அந்த அறை. அமெரிக்காவில் உள்ளதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே வைத்தால் ஓடாது என்பது என் கருத்து, இதில் என் அக்கா மகளுக்கும் எனக்கும் சண்டையே நடந்தது. அங்கே ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி மையம், வாசலில் வானவில் கொடி, பெயர்ப் பலகை. "பேரப் போட்டாத்தான சித்தி நமக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு தெரியும்?" என்கிறாள். அவள் சொல்வது அங்கே சரி. இங்கே சமூகத்துக்கு ஒரு அறை என்று ஆரம்பித்தால் அடுத்த நாளே ஜாதிச் சங்கத்துக்காரர்கள் பிளெக்ஸ் போர்டோடு வந்து நிற்பார்கள், கயிற்றை அறுத்துவிட்டு அறையைக் கட்டிக் கொடுத்த கதையாகிவிடும். தலித் மாணவர்கள் அம்பேத்கர் வாசகர் வட்டம் என்று கூடுவதை நான் இதோடு சேர்க்கவில்லை. அடிபடுகிறவர்கள் சேர்ந்து உட்காருவதும் அடிக்கிறவர்கள் சேர்ந்து உட்காருவதும் எப்படி ஒன்றாகும்? ஆனால் காலேஜ் தன் செலவில் நடத்துகிற அறைக்கு ஒரு ஜாதியின் வாடையும் இருக்கக் கூடாது.

வானவில் கொடியும் அப்படித்தான். பாளையில் ஒரு பையன் அந்த அறைக்குள் காலையில் நுழைந்தால் மத்தியானத்துக்குள் சேரன்மகாதேவியில் அவன் மாமாவுக்குத் தெரிந்துவிடும். நம்ம ஊரின் நெட்வொர்க் அப்படி. அதனால் அந்த அறைக்குள் போவதற்கு நூறு காரணம் இருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்ப வருகிறவன், பஸ் பாஸுக்குக் கையெழுத்துக் கேட்டு வருகிறவள், கேரம் விளையாட வருகிறவன், இந்தி பேசுகிற பையனிடம் இந்தி கற்றுக்கொள்ள வருகிறவள், சும்மா ஃபேனுக்குக் கீழே தூங்க வருகிறவன், இவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை தன் பெயரைச் சான்றிதழில் மாற்ற எப்படி விண்ணப்பிப்பது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்று கேட்க வரும். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. காணிப் பெண்ணும், மணிப்பூர்ப் பையனும், முகாம் பிள்ளையும், நடைக்காகக் கேலி செய்யப்படுகிற இவனும் ஒரே இடத்தில் இருப்பதில் பாதுகாப்பு மட்டும் இல்லை, தனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு போவதற்கு அதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைப் போன்ற வாத்தியாரை "கூடுதல் பொறுப்பு" என்று போட்டால் போச்சு. இன்டர்னல் மார்க் போடுகிற கையிடம் யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள். சமூகப்பணி படித்த ஒரு ஆளை, முடிந்தால் இரண்டு பேரை, ஒரு ஆண் ஒரு பெண், சொந்த பந்தம் இல்லாத ஊரிலிருந்து, தனிச் சம்பளம் கொடுத்துப் போடணும். வருகிறவர்கள் பெயரை ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லக் கூடாது. நாக்குக்குக் காட்ட ரிஜிஸ்டர் வேண்டுமே என்பார்கள், எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் எதற்கு? உயிர் போகிற அளவுக்கு மனசு சரியில்லை என்றால் அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணை அறையில் மட்டும் இல்லாமல் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டணும், தனியாக இருக்கும்போதுதான் அதைக் குறித்துக்கொள்ள முடியும்.

காசு? காலேஜ் டே அன்று சவுண்டு சர்வீஸுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஆகிற செலவை ஒரு வருஷம் எழுதிப் பார்த்தேன், காமர்ஸ்காரி இல்லையா. அதில் ஒரு ஆளின் சம்பளத்தில் நல்ல பங்கு தேறும். அறையும் இருக்கிறது, பழைய லாங்குவேஜ் லேப், உடைந்த ஹெட்போன்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே யாரும் பயன்படுத்தாத ஒரு ஸ்டாஃப் டாய்லெட். அதன் கதவில் ஆண் பெண் என்று எதையும் எழுதாமல் திறந்துவிட்டால் உயர் நீதிமன்றம் சொன்னதில் ஒன்று தச்சருக்கான கூலி கூட இல்லாமல் நிறைவேறிவிடும்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எல்ஜிபிடிக்யூ என்ற எழுத்துகளை முதல் பக்கத்தில் போடாதீங்க மேடம் என்று ஒரு சீனியர் சொன்னார், நான் போட்டேன், இரண்டாவது பத்தியில். பிரின்சிபால் முழுசாகப் படித்தார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "அறை ஓகே, ஆள் எதுக்கும்மா, ஸ்டூடண்ட்ஸையே டர்ன் போட்டுப் பாத்துக்கச் சொல்லலாமே" என்றார். ஆள் இல்லாவிட்டால் அறையும் வேண்டாம் சார் என்றேன். அடுத்த கவுன்சில் மீட்டிங்கின் அஜெண்டாவில் கேன்டீன் டெண்டருக்கு அப்புறம், தெருநாய்த் தொல்லைக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள்.